நம் முடிவு நம்முடையதுதானா? மாண்டலே சிறையில் திலகர் பென்சிலால் எழுதிய பதில்

பிம்ப்ரியில் நீங்கள் ஃபிளாட் எடுத்தது யாருடைய முடிவு? என்னுடையதுதான், வேறு யாருடையது என்று சட்டென்று பதில் வரும். கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். கேம்பஸ் இன்டர்வியூவில் உங்களை எடுத்த கம்பெனி புனேயில் ஆள் போட்டது. பானேர் பக்கம் வாடகை கேட்டால் தலை சுற்றியது. காலேஜ் சீனியர் ஒருவர் ஏற்கெனவே பிம்ப்ரியில் இருந்தார். அதற்கும் பின்னால் போனால், 1954-ல் மத்திய அரசு ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொழிற்சாலையை இங்கே தொடங்கியது. அடுத்த பத்தாண்டில் எம்.ஐ.டி.சி. வந்தது, வாகனத் தொழிற்சாலைகள் வந்தன, ஊர் நகரமானது. நீங்கள் பிறப்பதற்கு முன்பே பாதி முடிவை யாரோ எடுத்துவிட்டார்கள்.

மீதிப் பாதியாவது உங்களுடையதா? மனிதர்களின் தேர்வுகளில் சுதந்திர விருப்பம் என்ற ஒன்று இருப்பதற்குச் சாட்சி உண்டா?

இந்தக் கேள்வியோடு நூறாண்டுகளுக்கு முன்பு சிறையில் உட்கார்ந்த ஒருவரின் வீடு, உங்கள் பிம்ப்ரியிலிருந்து மெட்ரோவில் போய் இறங்கி நடக்கிற தூரத்தில், நாராயண் பேட்டையில் இருக்கிறது. கேசரி வாடா. அவர் பால கங்காதர திலகர். பள்ளிப் புத்தகத்தில் ஒரே ஒரு முழக்கமாகவும் ஒரு தலைப்பாகையாகவும் அவரைப் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் வ.உ.சி.யின் அரசியல் குரு என்றும் கேள்விப்பட்டிருக்கலாம். விதிக்கும் மனித விருப்பத்துக்கும் உள்ள கணக்கைப் பற்றித் தனி அத்தியாயமே எழுதியவர் அவர் என்பது அவ்வளவாக வெளியே தெரியாத விஷயம். அந்த அத்தியாயத்தைப் புரிந்துகொள்ள அவருடைய வாழ்க்கையையும், அவர் வாழ்க்கையை எடைபோட அந்த அத்தியாயத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

சூழல் எவ்வளவு தீர்மானித்தது?

திலகர் 1856 ஜூலை 23-ல் ரத்னகிரியில் பிறந்தார். அப்பா கங்காதரர் பள்ளி ஆசிரியர், கணக்கிலும் சமஸ்கிருதத்திலும் கெட்டிக்காரர். அவருக்கு 1866-ல் புனேவுக்கு மாற்றல் வந்ததால் குடும்பமும் வந்தது. கொஞ்ச நாளில் அம்மா இறந்தார். 1871-ல் திலகருக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 15. மணப்பெண் தாபிபாய் சிறுமி. கல்யாணத்துக்குப் பிறகு சத்தியபாமா ஆனார். அடுத்த ஆண்டே அப்பாவும் போய்விட்டார்.

இதுவரை உள்ள பட்டியலில் திலகர் தேர்ந்தெடுத்தது எது? ஒன்றுமில்லை. ஊர், சாதி, மொழி, படிப்பு, மனைவி எல்லாமே பிறர் தந்தவை. படித்த பிராமணக் குடும்பத்துப் பையன் அன்றைய புனேயில் காலேஜ் போவதும் பட்டம் வாங்குவதும் ஆச்சரியமே இல்லை. அந்த ஊர் அப்படிப்பட்டவர்களுக்குத்தான் கதவைத் திறந்து வைத்திருந்தது.

டெக்கான் கல்லூரியில் சேர்ந்ததும் அவர் செய்தது கொஞ்சம் வித்தியாசம். உடம்பு நோஞ்சானாக இருக்கிறது என்று படிப்பைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஓராண்டு முழுக்க உடற்பயிற்சியில் இறங்கினார். பிறகு 1877-ல் கணிதத்தில் முதல் வகுப்போடு பி.ஏ., 1879-ல் எல்.எல்.பி. சட்டம் படித்த அவருக்கு அரசு வேலையோ வக்கீல் தொழிலோ காத்திருந்தது. இரண்டையும் எடுக்கவில்லை. 1880-ல் விஷ்ணுசாஸ்திரி சிப்ளூண்கர் தொடங்கிய நியூ இங்கிலீஷ் ஸ்கூலில் சொற்பச் சம்பளத்துக்குக் கணக்கு வாத்தியாராகப் போனார். கூடவே நண்பர் கோபால் கணேஷ் ஆகர்கரும் வந்து சேர்ந்தார்.

இந்த ஆகர்கரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நம் கேள்விக்கு அவர் ரொம்ப முக்கியம்.

ஒரே சூழல், இரண்டு பேர்

சுதந்திர விருப்பத்தை டேட்டாவில் தேடுவதில் ஒரு அடிப்படைச் சிக்கல் உண்டு. நீங்கள் பிம்ப்ரிக்கு வந்தது ஒரு வரிசையில் பதிவாகும். வராமல் கோயம்புத்தூரிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு வரிசையே கிடையாது. ஒவ்வொருவருக்கும் வாழ்க்கை ஒரே தடவைதான் ஓடுகிறது. வேறு மாதிரி செய்திருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. அந்த வேறு மாதிரியோ எங்கும் பதிவாகவில்லை. அதனால் ஆய்வாளர்கள் செய்வது ஒப்பீடு. ஒரே சூழலிலிருந்து வந்த இருவரை எடுத்து, எங்கே பிரிகிறார்கள் என்று பார்ப்பது.

திலகரும் ஆகர்கரும் அந்த ஒப்பீட்டுக்குக் கிட்டத்தட்ட கச்சிதமான ஜோடி. இருவரும் 1856 ஜூலையில் பிறந்தவர்கள். இருவரும் மராத்தி பிராமணர்கள். ஒரே கல்லூரி, ஒரே கனவு, ஒரே பள்ளியில் வேலை. 1881-ல் மராத்தியில் கேசரி, ஆங்கிலத்தில் மராத்தா என்று இரண்டு பத்திரிகைகள் தொடங்கியபோது கேசரிக்கு முதல் ஆசிரியர் ஆகர்கர். மராத்தாவைப் பார்த்துக்கொண்டவர் திலகர். கோலாப்பூர் திவானைப் பற்றி எழுதியதற்காக 1882-ல் அவதூறு வழக்கு வந்தது. இருவருக்கும் நான்கு மாதத் தண்டனை. டோங்கிரி சிறையில் சேர்ந்தே 101 நாள் இருந்தார்கள். 1884-ல் டெக்கான் எஜுகேஷன் சொசைட்டி, 1885-ல் ஃபெர்குசன் கல்லூரி. இரண்டிலும் இருவருக்கும் பங்கு உண்டு.

பிறகு பாதை பிரிந்தது. பெண்கள் படிப்பு, குழந்தைத் திருமணம், சாதிக் கட்டுப்பாடு போன்றவற்றைத்தான் முதலில் சீர்திருத்த வேண்டும் என்றார் ஆகர்கர். முதலில் அரசியல் விடுதலை, சமூகத்தை அந்நிய அரசு தொடக்கூடாது என்றார் திலகர். 1887-ல் கேசரியை விட்டு வெளியே வந்த ஆகர்கர், அடுத்த ஆண்டு சுதாரக் என்ற தன் பத்திரிகையைத் தொடங்கினார். அதற்கு அவர் கொடுத்த விலை சாதாரணமல்ல. பழமைவாதிகள், உயிரோடிருந்த அவருக்கே பாடை கட்டி ஊர்வலம் விட்டார்கள். திலகரும் 1890-ல் கல்விச் சங்கத்திலிருந்து விலகினார். ஆயுள் உறுப்பினர்கள் வெளி வருமானம் தேடக்கூடாது என்ற ஆரம்ப ஒப்பந்தத்தைச் சங்கம் தளர்த்திவிட்டது என்பது அவருடைய குற்றச்சாட்டு. கேசரியையும் மராத்தாவையும் கடனோடு தன் தலையில் ஏற்றிக்கொண்டார்.

இது என்ன சொல்கிறது? சூழல்தான் எல்லாம் என்றால் இந்த இருவரும் ஒரே பக்கம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஆனால் அவசரப்பட வேண்டாம். இது சுதந்திர விருப்பத்துக்கு நிரூபணம் ஆகாது. ஆகர்கர் திலகரைவிட ஏழ்மையில் வளர்ந்தவர், படித்ததை வாங்கிக்கொண்ட விதம் வேறு, சுபாவமும் வேறு. நம் கண்ணுக்குப் படாத நூறு காரணங்கள் இருக்கலாம். சாதி, ஊர், கல்லூரி என்ற பெரிய பெரிய பட்டங்களை மட்டும் வைத்து ஒரு மனிதரின் முடிவைச் சொல்லிவிட முடியாது என்பது வரை சொல்லலாம். மிச்சம் ஒன்று இருக்கிறது. அந்த மிச்சத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதில்தான் சண்டை.

1897: பிளேக், கொலை, மன்னிப்பு கேட்காத ஒருவர்

1896 செப்டம்பரில் பம்பாயில் பிளேக் வந்தது. அடுத்த சில மாதத்தில் புனேவுக்கும் பரவியது. வசதி இருந்தவர்கள் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். திலகர் போகவில்லை. இந்துக்களுக்கு ஒரு தற்காலிக மருத்துவமனை தொடங்கி நடத்தினார். அரசு நியமித்த பிளேக் கமிட்டியின் தலைவர் வால்டர் சார்லஸ் ராண்ட், வீடு வீடாகச் சோதனை போட ராணுவத்தை இறக்கினார். வீட்டுக்குள் நுழைவது, பெண்களைப் பொது இடத்தில் பரிசோதிப்பது, பொருட்களை எரிப்பது என்று ஊர் கொதித்தது.

1897 ஜூன் 22. விக்டோரியா ராணியின் வைர விழா இரவு. கணேஷ்கிண்ட் சாலையில் ராண்டும் லெப்டினன்ட் அயர்ஸ்டும் சுடப்பட்டார்கள். சுட்டவர்கள் சாபேகர் சகோதரர்கள். உங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள். சின்ச்வாடில் நீங்கள் தினமும் டிராஃபிக்கில் நிற்கிற சாபேகர் சவுக் அவர்கள் பெயரில்தான் இருக்கிறது. தாமோதர் 1898-ல், பாலகிருஷ்ணனும் வாசுதேவும் 1899-ல் தூக்கிலிடப்பட்டார்கள். ஒரே வீட்டில் மூன்று பேர்.

கொலையில் திலகருக்குப் பங்கு இருந்ததாக அரசால் நிரூபிக்க முடியவில்லை. ஆனால் கொலைக்கு ஒரு வாரம் முன்பு, சிவாஜி விழாவை ஒட்டிக் கேசரியில் வந்த எழுத்துகளைக் காட்டி ராஜதுரோக வழக்குப் போட்டார்கள். அப்போது திலகர் பம்பாய் சட்டமன்ற உறுப்பினர். இழக்க நிறைய இருந்தது. வருத்தம் தெரிவித்துவிட்டு விஷயத்தை முடித்துக்கொள்ளலாம் என்று நலம் விரும்பிகள் ஆலோசனை சொன்னார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்வதற்குச் சமமான எதையும் செய்ய மாட்டேன் என்பது அவர் நிலை. ஒன்பது பேர் கொண்ட ஜூரியில் ஆறு ஐரோப்பியர்கள் குற்றவாளி என்றார்கள். மூன்று இந்தியர்கள் குற்றமில்லை என்றார்கள். 18 மாதக் கடுங்காவல். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, 1898 செப்டம்பரில், நிபந்தனைகளோடு விடுதலை.

அந்த ஜூரியின் எண்ணிக்கையை இன்னொரு தடவை பாருங்கள். ஒன்பது பேரும் கேட்டது ஒரே சாட்சியம். யார் எந்தப் பக்கம் வாக்களிப்பார் என்பதை அவர் பிறந்த நாட்டை வைத்தே சொல்லிவிடலாம் என்பது போல இருக்கிறது அந்த 6-3. சூழல் எவ்வளவு பலமானது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான அட்டவணை கிடைக்காது.

1908: அதே கேள்வி, இன்னும் பெரிய விலை

பதினோரு வருடம் கழித்து அதே சூழ்நிலை திரும்ப வந்தது. 1908 ஏப்ரலில் முசாபர்பூரில் குண்டு வெடித்து இரண்டு ஐரோப்பியப் பெண்கள் இறந்தார்கள். வன்முறைக்கு வழி வகுப்பது அரசின் அடக்குமுறைதான் என்ற தொனியில் கேசரி தலையங்கங்கள் எழுதியது. ஜூன் 24-ல் திலகர் கைது. ஜாமீனுக்கு வாதாடியவர் முகமது அலி ஜின்னா. மறுத்தவர் நீதிபதி தின்ஷா தாவர். இதே தாவர், 1897-ல் திலகருக்கு ஜாமீன் வாங்கிக் கொடுத்த வக்கீல்! நாற்காலி மாறினால் முடிவும் மாறும் என்று சிரிக்கலாம். தாவரைக் கேட்டிருந்தால், சட்டப்படி சுயமாக எடுத்த முடிவு என்றுதான் சொல்லியிருப்பார்.

திலகர் தன் வழக்கைத் தானே வாதாடினார். பல நாட்களாக, மொத்தம் சுமார் 21 மணி நேரம். ஜூரி 7-2 என்று பிரிந்தது. ஜூலை 22 இரவு தீர்ப்பு: ஆறு வருட நாடுகடத்தல், ஆயிரம் ரூபாய் அபராதம். மறுநாள் அவருக்கு வயது 52, சர்க்கரை நோயாளி. தண்டனையின் ஒரு வருடத்துக்கு ஒரு நாள் என்று பம்பாய் மில் தொழிலாளர்கள் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டு வாரம் முன்னால், ஜூலை 7-ல், திருநெல்வேலியில் வ.உ.சி.க்குத் தீர்ப்பு வந்திருந்தது. அந்த ஜூலை தமிழ்நாட்டுக்கும் மகாராஷ்டிரத்துக்கும் ஒரே மாதிரி விடிந்தது.

தீர்ப்புக்கு முன் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டபோது திலகர் சொன்ன சில வரிகள் இன்று பம்பாய் உயர் நீதிமன்றச் சுவரில் பளிங்கில் இருக்கின்றன. அதன் சாரம்: ஜூரி என்ன சொன்னாலும் நான் நிரபராதி, மனிதர்களின் விதியை நடத்துகிற மேலான சக்திகள் உண்டு, நான் வெளியே இருப்பதைவிடத் துன்பப்படுவதால்தான் என் காரியம் செழிக்கும் என்பது அந்தச் சித்தமாக இருக்கலாம்.

கவனித்தீர்களா? மன்னிப்பு என்ற எளிய கதவைத் தானே மூடியவர், கடைசியில் எல்லாம் மேலே இருப்பவன் செயல் என்கிறார். இது முரண் இல்லையா? அவரே இந்த முரணை எடுத்துக்கொண்டு உட்கார்ந்த இடம்தான் மாண்டலே.

மாண்டலே: பென்சில், நோட்டு, ஐந்து மாதம்

பர்மாவின் மாண்டலே சிறையில் மரத்தாலான அறை. கோடையில் அனல். கடிதங்களுக்குக் கட்டுப்பாடு. படிக்கப் புத்தகங்கள் அனுமதித்தார்கள். அங்கே இருந்த ஆறு வருடத்தில் அவை சில நூறாகச் சேர்ந்தன. ஜெர்மன், பிரெஞ்சு, பாலி மொழிகளைப் படிக்கும் அளவுக்குக் கற்றுக்கொண்டார். மை கிடையாது, பென்சில்தான். தாள்கள் தைத்து எண் போட்ட நோட்டு.

1910 நவம்பரில் தொடங்கி 1911 மார்ச்சில் முடித்தார். ஐந்தே மாதம். அதுதான் கீதா ரகசியம். 1912 ஜூனில் சத்தியபாமா புனேயில் இறந்த செய்தி தந்தியில் வந்தது. கல்யாணமாகி நாற்பது வருடம் கழிந்திருந்தது. கடைசி நான்கு வருடம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. சிறைக்கு வந்த முடிவு திலகருடையது. அதன் பாதியைச் சுமந்தது அந்த அம்மா. 1914 ஜூனில் விடுதலை. கையெழுத்துப் பிரதியை அரசு கொஞ்ச காலம் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தந்தது. 1915-ல் புத்தகம் வெளிவந்தது.

கீதை துறவைச் சொல்கிறது என்ற பழைய உரைகளை மறுத்து, பலனில் பற்று வைக்காமல் செயலில் இறங்கச் சொல்கிறது என்பது புத்தகத்தின் மையம். அதன் பத்தாவது அத்தியாயம் நம் கேள்விக்கு நேராக வருகிறது: கர்மத்தின் விளைவும் ஆத்மாவின் சுதந்திரமும்.

அந்த அத்தியாயம் என்ன சொல்கிறது?

சுருக்கமாக நான்கு படிகள்.

ஒன்று: கர்மம் ஒரு சங்கிலி. நேற்றுச் செய்ததன் விளைவு இன்று, இன்று செய்வதன் விளைவு நாளை. தப்ப முடியாது. நவீன மொழியில் காரண காரியத் தொடர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு: அந்தச் சங்கிலியை இரண்டாகப் பிரிக்கலாம். பலன் கொடுக்கத் தொடங்கிவிட்டது ஒரு பகுதி. இன்னும் தொடங்காதது இன்னொரு பகுதி. வில்லிலிருந்து கிளம்பிய அம்பு மாதிரி முதலாவது. அதை அனுபவித்துத்தான் தீர வேண்டும். இரண்டாவதில் நமக்கு வேலை இருக்கிறது.

மூன்று: எல்லாமே முன்பே முடிவாகிவிட்டது என்றால், இதைச் செய், இதைச் செய்யாதே என்று சொல்வதற்கே பொருளில்லை. அறம் பேசுகிற எந்த நூலும், தண்டனை கொடுக்கிற எந்தச் சட்டமும், கேட்பவருக்கு வேறு மாதிரி செய்ய முடியும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் பேசுகிறது. நம் திருக்குறளிலும் ஊழுக்கு ஒரு அதிகாரம், ஆள்வினையுடைமைக்கு இன்னொரு அதிகாரம் இருப்பது நினைவுக்கு வரும்.

நான்கு, இதுதான் நுட்பமானது: ஆத்மாவுக்குச் சுதந்திரம் உண்டு, ஆனால் அது வெறுங்கையோடு எதையும் செய்ய முடியாது. உடம்பு, புலன், மனம் என்ற கருவிகள் வழியாகத்தான் செயல்பட வேண்டும். எவ்வளவு தேர்ந்த தச்சனாக இருந்தாலும் உளி மழுங்கியிருந்தால் முதலில் அதைத் தீட்டத்தானே வேண்டும்? சுதந்திரம் என்பது பட்டனைத் தட்டியதும் எரிகிற பல்பு இல்லை. பழக்கத்தால், பயிற்சியால், நாளாக நாளாகக் கூடுவது.

இதற்குத் துணையாக அவர் உபநிடதங்களோடு கான்ட், டி.ஹெச். கிரீன் போன்ற ஐரோப்பியர்களையும் கூப்பிடுகிறார். மில், ஸ்பென்சரோடு மோதுகிறார். ஆத்மா என்ற அடித்தளத்தை நீங்கள் ஏற்காமல் போகலாம். அதை எடுத்துவிட்டாலும் நான்காவது படி நிற்கிறது. சுதந்திரத்தை ஒரு நொடியில் தேடாதே, ஒரு வாழ்க்கையில் தேடு என்கிறது அது.

மூளை அறிவியல் இதை ஒப்புக்கொள்கிறதா?

1983-ல் அமெரிக்க நரம்பியலாளர் பெஞ்சமின் லிபெட் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். எப்போது தோன்றுகிறதோ அப்போது கையை அசையுங்கள் என்றார். கையை அசைக்க வேண்டும் என்ற எண்ணம் தோன்றியதாக மக்கள் சொன்ன நேரம், அசைவுக்குச் சுமார் 200 மில்லி செகண்ட் முன்பு. மூளையில் தயாரிப்புச் சமிக்ஞை தொடங்கியதோ சுமார் 550 மில்லி செகண்ட் முன்பு. அப்படியானால் மூளை முதலில் முடிவெடுக்கிறது, நமக்குத் தகவல் பிறகுதான் வருகிறது என்று தலைப்புச் செய்திகள் பறந்தன. லிபெட் அப்படிச் சொல்லவில்லை. கடைசி நேரத்தில் நிறுத்துகிற அதிகாரம் நம்மிடம் இருக்கலாம் என்றார்.

2008-ல் ஜெர்மனியில் ஜான்-டைலன் ஹெய்ன்ஸ் குழு, ஒருவர் இடது பட்டனை அழுத்துவாரா வலதா என்பதைப் பல செகண்ட் முன்பே மூளை ஸ்கேனிலிருந்து கணித்தது. துல்லியம்? சுமார் 60 சதவீதம். நாணயம் சுண்டினாலே 50 கிடைக்கும். முன்னறிகுறி இருக்கிறது என்பது உண்மை. முடிவு எழுதி முடிந்துவிட்டது என்பது அதிகப்படி. 2012-ல் ஆரோன் ஷுர்கர் குழு வேறு விளக்கம் கொடுத்தது. லிபெட் பார்த்த சமிக்ஞை மூளையின் இயல்பான ஏற்ற இறக்கம் ஒரு எல்லையைத் தொடுவதாக இருக்கலாம், முடிவாக இருக்க வேண்டியதில்லை என்று.

நமக்கு முக்கியமானது 2019-ல் வந்த ஆய்வு. ஊரி மாவோஸ், லியாட் முத்ரிக் உள்ளிட்ட குழு, விளைவே இல்லாத தேர்வையும் விளைவுள்ள தேர்வையும் பிரித்துப் பார்த்தது. எந்தத் தொண்டு நிறுவனத்துக்கு 1,000 டாலர் நன்கொடை போக வேண்டும் என்று நிஜமாகவே யோசித்து முடிவெடுத்தவர்களிடம், லிபெட்டின் அந்தச் சமிக்ஞையைக் காணவில்லை. சும்மா பட்டன் அழுத்தும்போது மட்டும் அது வந்தது. இதுவும் சுதந்திர விருப்பத்துக்கு நிரூபணமில்லை. யோசித்த முடிவுக்கும் மூளையில் வேறு காரணங்கள் இருக்கும். ஆனால் விரல் அசைவை வைத்து ஒரு வாழ்க்கையின் முடிவுகளைத் தள்ளுபடி செய்ய முடியாது என்பது தெளிவு. மன்னிப்பா, மாண்டலேயா என்பது பட்டன் கேள்வி இல்லை.

அதே அளவுகோலில் 1887-ம் 1891-ம்

இங்கே நிறுத்திவிட்டால் திலகர் ஜெயித்தார் என்று கைதட்டிவிட்டுப் போகலாம். அவர் எழுதிய அளவுகோலையே எடுத்துக்கொண்டு இருபது வருடம் பின்னால் போனால் கதை அவ்வளவு சுகமாக இல்லை.

பம்பாயில் ரக்மாபாய் என்ற பெண்ணுக்கு 11 வயதில் கல்யாணம். வளர்ந்தபின், அந்தக் கணவர் தாதாஜி பிகாஜியோடு வாழ முடியாது என்றார். 1884-ல் கணவர் வழக்குப் போட்டார். 1887-ல் நீதிமன்றம் சொன்னது: கணவர் வீட்டுக்குப் போ, இல்லாவிட்டால் ஆறு மாதம் ஜெயில். ஜெயிலுக்குப் போகத் தயார் என்றார் ரக்மாபாய். எளிய கதவு திறந்திருக்க, விலை தெரிந்தே மற்றதைத் தேர்ந்தெடுப்பது. மன்னிப்பு கேட்க மறுத்தபோது பத்து வருடம் கழித்து திலகர் செய்யப்போவது அதேதான். ஆனால் ரக்மாபாய் செய்தபோது திலகர் கடுமையாக எதிர்த்தார். அவருக்கு அது இந்து சட்டத்தின் மீது விழுந்த அடி.

1891-ல் வயது வரம்புச் சட்டம் வந்தது. கல்யாணம் ஆகியிருந்தாலும் 12 வயதுக்குக் குறைந்த சிறுமியோடு உடலுறவு குற்றம் என்றது. அதுவரை அந்த வரம்பு 10. கல்கத்தாவில் ஃபுல்மோனி என்ற சிறுமி கணவரால் இறந்த வழக்கு நாட்டையே உலுக்கியிருந்தது. ஆகர்கர் சட்டத்தை ஆதரித்தார். திலகர் எதிர்த்தார். சிறு வயதுத் திருமணம் நல்லது என்பது அவர் வாதம் அல்ல. பெண்ணுக்கு 16, ஆணுக்கு 20 வயதுக்கு முன் திருமணம் வேண்டாம் என்று சீர்திருத்தம் விரும்புகிறவர்கள் தாங்களே உறுதி எடுக்கட்டும் என்று அவரே யோசனை சொல்லியிருந்தார். அந்நிய அரசு சட்டம் போட்டுத் திணிக்கக்கூடாது, சமூகம் தானாக மாற வேண்டும் என்பதே அவர் கட்சி.

கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் அந்தத் தானாக என்பதில் யாருடைய விருப்பம் இருக்கிறது? தகப்பன்களின் விருப்பம், கணவன்களின் விருப்பம். பத்து வயதுச் சிறுமியின் விருப்பத்துக்கு அதில் வரிசையே இல்லை. உளியைத் தீட்டினால்தான் தச்சனுக்குச் சுதந்திரம் என்று பின்னாளில் எழுதியவர், அந்தச் சிறுமிகளுக்கு உளியே கொடுக்கப்படவில்லை என்பதைப் பார்க்கவில்லை. அல்லது பார்த்தும், அரசியல் கணக்கில் பிறகு பார்க்கலாம் என்று தள்ளி வைத்தார். அதுவும் ஒரு தேர்வுதான். வேறு மாதிரி செய்திருக்க முடியாதா என்றால், முடியும் என்பதற்குச் சாட்சி பக்கத்திலேயே இருந்தது: அதே ஊர், அதே கல்லூரி, அதே ஜெயில், ஆகர்கர்.

1895-ல் ஆகர்கர் 39 வயது முடியும் முன்பே இறந்தார். திலகர் கேசரியில் இரங்கல் எழுதினார். ரக்மாபாய் ஜெயிலுக்குப் போகவில்லை. 1888-ல் 2,000 ரூபாய் வாங்கிக்கொண்டு கணவர் உரிமையை விட்டார். அவர் லண்டன் போய் மருத்துவம் படித்துத் திரும்பி, சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பல்லாண்டு டாக்டராக இருந்து 1955-ல் காலமானார். திலகர் 1916-ல் ஹோம் ரூல் இயக்கம், லக்னோ ஒப்பந்தம் என்று ஓடி, 1920 ஆகஸ்ட் 1-ல் பம்பாயில் இறந்தார்.

சரி, நமக்கு இதில் என்ன?

சுதந்திர விருப்பம் இருக்கிறதா என்ற கேள்விக்கு ஒரு மனிதரின் வாழ்க்கை வரலாறு விடை தராது. மூளை ஸ்கேனும் இதுவரை தரவில்லை. ஆனால் எதை எண்ண வேண்டும் என்பதைத் திலகரின் வாழ்க்கை காட்டித் தருகிறது.

முதலில், எளிய வழி திறந்திருந்தும் விலை தெரிந்தே அதை விட்ட இடங்கள். 1897, 1908. அப்படிப்பட்ட இடங்கள் ஒரு வாழ்க்கையில் ரொம்பக் குறைவு. மிச்சமெல்லாம் பெரும்பாலும் ஓட்டத்தோடு போவதுதான். உங்கள் கணக்கிலும் அப்படித்தான் இருக்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அடுத்த அப்ரைசலில் வாயைத் திறப்பதா வேண்டாமா, வீட்டில் பார்த்த வரனுக்குத் தலையாட்டுவதா வேண்டாமா என்கிற மாதிரி சில இடங்களில்தான் இந்தக் கேள்வி நிஜமாக வரும். அந்த நேரத்தில் உதவுவது அதற்கு முன் தீட்டி வைத்த உளி. சேமிப்பில் ஆறு மாதச் சம்பளம், மறுத்துப் பேசிய பழக்கம், மறுத்தால் கூட நிற்கிற நாலு பேர். சுதந்திரத்துக்கு இவ்வளவு சாதாரணமான பொருட்கள் தேவைப்படுகின்றன.

அடுத்தது, நம் முடிவு இன்னொருவரின் கதவை மூடுகிறதா என்பது. சத்தியபாமாவுக்குத் தேர்வு இருந்ததா? 1891-ன் சிறுமிகளுக்கு இருந்ததா? இன்று உங்கள் ஃபிளாட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறவருக்கும், பத்து நிமிடத்தில் மளிகை கொண்டுவருகிற பையனுக்கும் எத்தனை கதவு திறந்திருக்கிறது? அவர்களும் தாங்களாகவே தேர்ந்தெடுத்த வேலைதானே என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். திலகரும் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னார், சமூகம் தானாக மாறும் என்று.

அவருடைய அத்தியாயத்தை அவருக்கே எதிராகவும் படிக்க முடிகிறது என்பதுதான் அதன் பலம். லீவு நாளில் கேசரி வாடாவுக்குப் போனால் அங்கே திலகரின் பொருட்களைக் காட்டுவார்கள். திரும்பி வரும்போது ஃபெர்குசன் கல்லூரிப் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். அங்கிருக்கும் சாலை ஒன்றின் பெயர் கோபால் கணேஷ் ஆகர்கர் சாலை. இரண்டு பேரையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.